மோபி டிக்: முப்பத்திரண்டில் மூழ்காமல் கரைசேர ஒரு வழிகாட்டி

ஒரு கப்பல் தலைவன் வெள்ளைத் திமிங்கிலம் ஒன்றைத் துரத்தும் கதையான மோபி டிக் நாவலை மூன்று முறை தொடங்கினேன், ஒரு முறைதான் முடித்தேன். முதல் இரண்டு தடவையும் நின்றது ஒரே இடத்தில், 32ஆம் அத்தியாயத்தில். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, ஆசிரியர் திமிங்கிலங்களை வகை பிரிக்க உட்கார்ந்துவிடுவார். நானும் புத்தகத்தை அலமாரியில் உட்கார வைத்துவிட்டேன்.

என் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பிறகுதான் புரிந்தது: ஹெர்மன் மெல்வில் தன் நடையை எந்தெந்தப் புத்தகங்களிலிருந்து எடுத்தார் என்று தெரியாமல் உள்ளே போயிருக்கிறேன். அது தெரிந்ததும் மூன்றாவது தடவை பதினொரு வாரத்தில் முடிந்தது. நீங்கள் முதல் தடவையிலேயே முடிக்கலாம்.

1. பிரதியைச் சரிபாருங்கள்

நாவல் 1851இல் வந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோனதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். நான் முதலில் வாங்கியது மலிவாகக் கிடைத்த ஒன்று. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். எழுத்து எறும்புச் சாரை மாதிரி இருந்தது. ‘சுருக்கப்பட்டது’ என்ற சொல்லை உள்பக்கத்தின் அடியில் அதைவிடப் பொடியாகப் போட்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் படித்த பிறகுதான் இதைப் பார்த்தேன்.

காசு கொடுக்குமுன் பொருளடக்கத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். 135 அத்தியாயம் இருக்க வேண்டும். கதைக்கு முன்னால் ‘திமிங்கிலம்’ என்ற சொல்லின் பிறப்பைப் பற்றிய ஒரு சிறு பகுதியும், அதையடுத்து ஒரு மூட்டை மேற்கோள்களும் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு பக்கத்துக்குள் முடியும் எபிலாக், அதாவது முடிவுரை, இருக்க வேண்டும். இந்த எபிலாக் விஷயம் சும்மா சொல்வதல்ல. 1851 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக முதலில் வெளிவந்தபோது அந்தப் பக்கம் விடுபட்டுப் போனது. எல்லோரும் செத்துவிட்டால் கதை சொல்வது யார் என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில் அது இருந்தது.

செலவைப் பற்றி: பூஜ்யம் ரூபாயிலும் முடிக்கலாம். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் 2701 என்ற எண்ணில் முழு நூல் இலவசம். லிப்ரிவாக்ஸில் ஒலிநூலும் இலவசம், சுமார் 24 மணி நேரம் ஓடும். காகிதம்தான் வேண்டும் என்றால் பழைய புத்தகக் கடையில் தேடுங்கள். என்னுடைய இப்போதைய பிரதி 150 ரூபாய், முந்தைய சொந்தக்காரர் 31ஆம் அத்தியாயம் வரை பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அவரும் அங்கேதான் நின்றிருக்கிறார் பாவம். குறிப்புரையோடு வேண்டுமென்றால் நார்ட்டன் விமர்சனப் பதிப்பு நல்லது. இறக்குமதி என்பதால் விலை அதிகம், நூலகத்தில் கிடைத்தால் லாபம்.

அச்சுப்பிழையை அலட்சியம் செய்யாதீர்கள். மெல்விலின் ‘ஒயிட் ஜாக்கெட்’ நாவலில் ‘சுருண்ட மீன்’ என்று அவர் எழுதிய இடத்தில், பிந்தைய பதிப்பு ஒன்றில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறி (coiled என்பது soiled ஆகி) ‘அழுக்கான மீன்’ என்று அச்சாகிவிட்டது. எஃப். ஓ. மேத்தீசன் என்ற பெரிய விமர்சகர் 1941இல் அந்த அழுக்கை மெல்விலின் கற்பனைத் துணிச்சலுக்குச் சான்றாகக் காட்டிப் பாராட்டி எழுதினார். பாராட்டு அச்சுக்கோத்தவருக்குப் போயிருக்க வேண்டியது.

2. ஒரு மாலை: வேதாகமம், அதுவும் தமிழில்

மெல்விலின் காதில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் வேதாகமம். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்த் தேவாலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அதே போன்ற கனமான, பழைய ஓசை உண்டு. எனவே இந்தப் பகுதிகளைத் தமிழிலேயே படித்துவிடுங்கள்: யோனா முழுவதும் (நான்கே அதிகாரம்), யோபு 1 மற்றும் 41, முதலாம் இராஜாக்கள் 16இன் கடைசிப் பகுதியோடு 21, 22, ஆதியாகமம் 16 மற்றும் 21. இரண்டு மணி நேரம் போதும்.

பலன் உடனே தெரியும். கதை சொல்பவன் பெயர் இஷ்மேல். அது ஆதியாகமத்தில் வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட பிள்ளையின் பெயர். கப்பல் தலைவனுக்கு ஆகாப் என்று பெயர். இராஜாக்களில் வரும் ஆகாப், நாய்கள் இரத்தத்தை நக்க முடிந்துபோன அரசன். கப்பல் ஏறுமுன் எச்சரிக்கும் கிறுக்கனுக்கு எலியா என்று பெயர். யோபு 41இல் தூண்டிலால் பிடிக்க முடியாத லிவியாதான் என்ற பெரிய கடல்விலங்கு வருகிறது. பெயரைக் கேட்டதுமே 1851இன் வாசகருக்கு யார் எப்படி முடிவார் என்று பாதி தெரிந்திருக்கும். கர்ணன் என்று ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்தால் நமக்குத் தெரிவது போல.

எரேமியா 31:15ஐ மட்டும் இப்போது படிக்காதீர்கள். 128ஆம் அத்தியாயத்தில் ‘ராகேல்’ என்ற கப்பல் வரும், அது முடிந்ததும் எடுத்துப் படியுங்கள். கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க நேரும்.

பாத்திரங்கள் ‘நீர்’, ‘உமக்கு’ என்பது போன்ற பழைய ஆங்கிலத்தில் பேசும்போது எல்லாமே செயற்கை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கப்பல் புறப்படும் நான்டக்கெட் தீவில் அன்று குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதிகம். அவர்கள் நிஜமாகவே வீட்டிலும் கடையிலும் அப்படித்தான் பேசினார்கள். வேதாகமத்தின் மொழியை ஒரு மாலுமி வாயில் வைக்க மெல்விலுக்கு ஊரே அனுமதி கொடுத்திருந்தது.

3. ஒரு வாரக் கடைசி: ஒரே ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம்

கிங் லியர் அல்லது மேக்பெத். இரண்டில் ஒன்று போதும், எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் திரும்பி வரமாட்டீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

மெல்வில் ஷேக்ஸ்பியரைச் சரியாகப் படித்ததே 29 வயதில்தான். அதுவரை கையில் சிக்கிய பதிப்புகள் எல்லாம் பொடி எழுத்து. அவர் கண்கள் குருவிக்குஞ்சு போல மென்மையானவை, அவரே நண்பருக்கு அப்படித்தான் எழுதினார். 1849இல் பாஸ்டனில் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிப்பாய் மாதிரி நிற்கிறது என்று கொண்டாடினார், இத்தனை நாள் படிக்காமல் இருந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டே ஆண்டில் மோபி டிக். அச்சின் அளவு மாறியதில் ஒரு நாவலின் குரல் மாறியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் எனக்கு அப்படி நம்பப் பிடிக்கும்.

லியர் படித்தால், கடைசிப் பகுதியில் ஆகாபும் சிறுவன் பிப்பும் கைகோத்து நடக்கும் காட்சிகளில் லியரும் அவன் விதூஷகனும் தெரிவார்கள். மேக்பெத் படித்தால், 117ஆம் அத்தியாயத்தில் ஆகாபுக்குச் சொல்லப்படும் குறியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவீர்கள். நடக்கவே முடியாதவை போல் தோன்றும் நிபந்தனைகள், அவற்றை நம்பி ஒருவன் தைரியம் கொள்வது, அப்புறம் அவை எல்லாம் சொன்னபடியே நடப்பது: மேக்பெத்தைச் சிக்க வைக்கும் சூனியக்காரிகளின் அதே பொறி.

4. நாள்கணக்கு

மொத்தம் இரண்டு லட்சம் சொற்களுக்கு மேல். பயப்பட வேண்டாம், பெரும்பாலான அத்தியாயங்கள் நாலைந்து பக்கம்தான். 122ஆம் அத்தியாயம் சில வரிகளிலேயே முடிந்துவிடும். நாளுக்கு மூன்று என்றால் 45 நாள். வேலைக்குப் போகிறவர்கள் நாளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் 54ஆம் அத்தியாயங்கள் நீளமானவை, விடுமுறை நாளுக்கு ஒதுக்குங்கள்.

எதற்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். ஆகாப் மேல்தளத்தில் தலை காட்டுவது 28இல். முதல் துரத்தல் 48இல். நாவலின் பெயருக்குச் சொந்தமான வெள்ளைத் திமிங்கிலம் நேரில் வருவது 133இல்தான். முதல் தடவை நான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அதை எதிர்பார்த்து ஏமாந்துகொண்டே இருந்தேன்.

முதல் இருபது அத்தியாயங்கள் நகைச்சுவை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ‘செவ்வியல்’ என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே படித்தேன். விடுதியில் இடமில்லாமல், உடலெல்லாம் பச்சை குத்திய ஒரு அந்நியனோடு ஒரே படுக்கையில் படுக்க வேண்டிய நிலை, அந்த அந்நியன் அறைக்குள் வரும்போது இஷ்மேல் நடுங்குவது, காலையில் அவன் கை தன்மேல் அன்பாகக் கிடப்பதைப் பார்ப்பது எல்லாம் சிரிப்பதற்காகவே எழுதப்பட்டவை. சிரியுங்கள்.

5. ஒன்பதாம் அத்தியாயத்தில் சாவி இருக்கிறது

நான் முழுப் புத்தகத்தையும் முடிக்கக் காரணம் இந்த ஒரு கண்டுபிடிப்பு. இங்கே அவசரப்படாதீர்கள். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள்.

நியூ பெட்ஃபோர்ட் தேவாலயத்தில் மேப்பிள் பாதிரியார் கயிற்றேணி வழியாகப் பிரசங்க மேடையில் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொள்கிறார். யோனாவின் ஒரு வசனத்தை எடுக்கிறார். அதைக் கதையாக விரிக்கிறார், கடல் தெரிந்தவர்களுக்குப் புரியும் விதமாக. கயிறு, புயல், துறைமுகம், பயணக் கட்டணம் எல்லாம் வருகிறது. கடைசியில் அதைத் திருப்புகிறார்: இது உங்களுக்கு, இது எனக்கு என்று. வசனம், விரிவு, திருப்பம். நம்மூர்க் கதாகாலட்சேபமும் இதே ஓட்டம்தான். பாகவதர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் எங்கெங்கோ போவார், போனவர் சட்டென்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

இனி நாவலில் ‘கதையை நிறுத்திவிட்டார்’ என்று தோன்றும் அத்தியாயங்களைப் பாருங்கள். பல அத்தியாயங்களும் இதே அமைப்பு. வசனத்துக்குப் பதிலாக ஒரு பொருள்.

60ஆம் அத்தியாயம் முழுக்க ஒரு கயிறு. என்ன நாரில் திரித்தது, என்ன தடிமன், எத்தனை எடை தாங்கும், தொட்டியில் எப்படிச் சுருட்டி வைப்பார்கள், படகில் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒவ்வொருவனின் இடுப்பையும் கழுத்தையும் சுற்றி அது எப்படிப் போகிறது. திமிங்கிலம் குத்துப்பட்டுப் பாயும்போது அந்தக் கயிற்றில் யாராவது சிக்கினால் போச்சு. இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் எல்லா மனிதருமே அந்தக் கயிற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்கிறார். வீட்டில் அடுப்புக் குச்சியோடு குளிர்காயும் உங்களையும் சேர்த்து. முதலில் நான் கயிற்றின் தடிமனைப் படித்துக் கொட்டாவி விட்டு, கடைசிப் பத்திக்கு முன்னாலேயே புரட்டிவிட்டேன்.

72இல் இரண்டு ஆட்களின் இடுப்பைப் பிணைக்கும் கயிறு. விடுதியில் பார்த்த அந்தப் பச்சை குத்திய அந்நியன் குவீக்வெக், வழுக்கும் திமிங்கிலத்தின் முதுகில், சுறாக்களுக்கு நடுவே. மறுமுனை இஷ்மேலின் இடுப்புப் பட்டையில். அவன் விழுந்தால் இவனும் விழுவான். அங்கிருந்து ஒரே தாவலில், உங்கள் வங்கிக்காரர் திவாலானால் நீங்கள் முறிகிறீர்கள், மருந்துக்கடைக்காரர் தவறான மாத்திரை கொடுத்தால் நீங்கள் சாகிறீர்கள்.

89 இன்னும் சுவாரசியம். கடலில் வேட்டையாடப்படும் திமிங்கிலம் யாருக்குச் சொந்தம் என்ற சட்டம்: யாராவது கட்டி வைத்திருந்தால் கட்டியவருக்கு, இல்லையென்றால் கைப்பற்றுகிறவருக்கு. வக்கீல் பாணியில் வழக்கு விவரமெல்லாம் சொல்லிவிட்டு, கட்டப்படாத மீன்களுக்கு ஒரு பட்டியல் போடுகிறார். 1492இல் அமெரிக்கா என்ன? ஜாருக்குப் போலந்து என்ன? இங்கிலாந்துக்கு இந்தியா என்ன? 1851இல் ஒரு அமெரிக்கர் எழுதியது. இந்தப் பக்கத்தை நான் புகைப்படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன்.

எனவே விதி: சலிப்பூட்டும் அத்தியாயத்தில் நடுப்பகுதியை வேகமாகப் படித்தால் தப்பில்லை. கடைசி இரண்டு பத்திகளை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

6. முப்பத்திரண்டைக் கடப்பது

சரி, என்னை இரண்டு தடவை கவிழ்த்த இடம். திமிங்கிலங்களைப் புத்தக அளவுகளைக் கொண்டு வகைப்படுத்துகிறார்: பெரியவை ஃபோலியோ, நடுத்தரம் ஆக்டேவோ, சின்னவை டியோடெசிமோ. இவை அச்சகத்தார் பயன்படுத்தும் தாள் மடிப்பு அளவுகள். இது ஒரு நூலகக் கிண்டல் என்று தெரியாமல் நான் விலங்கியல் பாடம் போலக் குறிப்பெடுத்தேன். நீங்கள் குறிப்பெடுக்காதீர்கள். கடைசிப் பத்தியில், கட்டி முடிக்காமல் உச்சியில் பாரந்தூக்கியோடு அன்று நின்ற கொலோன் தேவாலயம் போல இந்த வகைப்பாட்டை முடிக்காமலே விடுகிறேன், என் புத்தகமே ஒரு வரைவின் வரைவு என்கிறார். அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பத்திக்காகத்தான்.

இங்கே அவருக்கு உதவியது முக்கியமாகத் தாமஸ் பீல் என்ற கப்பல் மருத்துவர் 1839இல் எழுதிய திமிங்கில நூல். மெல்வில் அதில் கோடு போட்டு, ஓரத்தில் எழுதி, தேவையானதை எடுத்துக்கொண்டார். அவருடைய அந்தப் பிரதி இப்போது ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. ‘மெல்வில்ஸ் மார்ஜினேலியா ஆன்லைன்’ என்ற தளத்தில் அவர் கோடு போட்ட புத்தகங்களின் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு அரை மணி நேரம் செலவிடுங்கள்.

இன்னொரு மூலம், ஓவன் சேஸ் எழுதிய சிறு நூல். எசெக்ஸ் என்ற கப்பலை 1820 நவம்பரில் ஒரு திமிங்கிலம் இடித்து மூழ்கடித்தது. சேஸ் அதில் முதல் துணை அதிகாரி. மெல்வில் 1841இல் அக்குஷ்னெட் கப்பலில் மாலுமியாகப் போனபோது நடுக்கடலில் சேஸின் மகனைச் சந்தித்து, அவனிடமிருந்தே அந்த நூலை வாங்கிப் படித்தார், அதுவும் கப்பல் மூழ்கிய கடற்பகுதிக்கு அருகிலேயே. இரவலாகக் கிடைத்த புத்தகம் இவ்வளவு பொருத்தமான இடத்தில் வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா! நாவலின் 45ஆம் அத்தியாயத்தை எட்டியதும் சேஸின் நூலைப் படியுங்கள். அதுவும் இணையத்தில் இலவசம், இரண்டு மூன்று மணி நேர வேலை.

55ஐயும் 82ஐயும் நம்மவர்கள் புன்னகையோடு படிப்பார்கள். எலிஃபன்டா குகையில் மச்சாவதாரச் சிற்பம் இருப்பதாகச் சொல்லி, அதன் வால் சரியில்லை, மலைப்பாம்பு வால் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்கிறார் இஷ்மேல். பிறகு வேதங்களை மீட்கத் திமிங்கிலமாகக் கடலடிக்குப் போன விஷ்ணுவையும் திமிங்கில வேட்டைக்காரர் சங்கத்தில் உறுப்பினராக்கிவிடுகிறார்.

7. நாவல் நடுவே நாடகம் வந்தால் பதற வேண்டாம்

36இல் ஆகாப் எல்லோரையும் கூட்டிச் சபதம் வாங்குகிறான். தலைப்புக்குக் கீழே நாடகத்தில் வருவது போல மேடைக்குறிப்பு. 37, 38, 39 மூன்றும் மூன்று பேரின் தனிமொழி. 40 முழு நாடகமாகவே, பேசுபவர் பெயரோடு. இஷ்மேல் எங்கே போனான்? அவன் இல்லாத இடத்தில் நடப்பதை அவன் எப்படிச் சொல்கிறான்? பதிலைத் தேடிப் பின்பக்கம் புரட்டாதீர்கள், நான் ஒரு மாலையை அதில் வீணாக்கினேன். மெல்வில் கவலைப்படவில்லை. ஷேக்ஸ்பியர் காய்ச்சல் அடித்தவர் அப்படித்தான் எழுதுவார்.

37ஐ விரலால் மேசையில் தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். உரைநடையாக அச்சடித்திருந்தாலும் பல வரிகளில் ஷேக்ஸ்பியரின் செய்யுள் நடை அப்படியே விழும். உரைநடைக்குள் அகவலை ஒளித்து வைத்தது போல. ஆகாப் பேசும்போது மட்டும் இந்தத் தாளம் ஏறுகிறது, துணை அதிகாரி ஸ்டப் பேசினால் கொச்சை, இஷ்மேல் பேசினால் கிண்டலும் யோசனையும். யார் பேசுகிறார் என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

நீண்ட வாக்கியங்களுக்கும் அதே மருந்து: காது. அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் மூச்சு விட்டுப் படியுங்கள். ஒலிநூலை ஓடவிட்டு, கண்ணால் பக்கத்தைத் தொடர்ந்தால் இன்னும் எளிது. 42ஆம் அத்தியாயத்தை, வெண்மை ஏன் அச்சம் தருகிறது என்ற அந்தப் பெரிய விவாதத்தை, நான் அப்படித்தான் கடந்தேன்.

அகராதியில் கப்பல் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுவது வீண். பாய்மரம், சுக்கான், படகு, ஹார்பூன் (திமிங்கிலத்தின் மேல் எறியும் ஈட்டி) ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

8. கடைசி மூன்று நாள்

132ஐ ஒரு நாள் இரவு படித்துவிட்டுத் தூங்குங்கள். கடைசி மூன்று அத்தியாயங்களும் துரத்தலின் மூன்று நாள்கள். நாளுக்கு ஒன்றாகப் படித்தால் அவர்களோடு சேர்ந்தே துரத்துவீர்கள். எபிலாக்கைக் கடைசி நாளிலேயே, இடைவெளி விடாமல். அதன் தலையில் இருக்கும் வரி யோபு முதல் அதிகாரத்தில் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து சொல்வது. நீங்கள் ஏற்கனவே தமிழில் படித்ததுதான்.

9. அடுத்த புத்தகம் வாங்குமுன்

‘பார்ட்டில்பி’ சிறுகதை, 1853. ஒன்றரை மணி நேரம். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை முதலிலேயே படித்து மெல்விலின் சிரிப்பைப் பழகிக்கொள்ளலாம்.

‘பில்லி பட்’ வாங்கும்போது மட்டும் மறுபடியும் பிரதிப் பிரச்சினை வரும். மெல்வில் 1891இல் இறந்தபோது அது கையெழுத்துப் படியாகக் கிடந்தது, 1924இல்தான் அச்சானது. அந்தப் படியை மறுபடி கவனமாக வாசித்துத் திருத்தியது ஹேஃபோர்டும் சீல்ட்ஸும் சேர்ந்து 1962இல் வெளியிட்ட பதிப்பு. மலிவுப் பிரதிகள் பலவும் பழைய பாடத்தையே அச்சடிக்கின்றன. கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி: பில்லி வேலை செய்யும் போர்க்கப்பலின் பெயரைத் தேடுங்கள். ‘இன்டாமிட்டபிள்’ என்று இருந்தால் பழையது, அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். ‘பெல்லிபோடென்ட்’ என்று இருந்தால் வாங்கலாம்.